பிடில் கோஷ்டியில் சாக்ஸபோன் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

டல்லாஸ் போய் மூன்று வருடமாகிறது. வேலை, வாடகை, குளிர் தவிர வேறொன்றைப் பற்றி நீ எழுதியது இதுதான் முதல் தடவை. ஆபீஸ் நண்பர் ஒரு நடனக்கூடத்துக்கு அழைத்துப் போனாராம். தொப்பி வைத்த பாடகர், இரண்டு பிடில், மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார். அவர்களோடு ஓரத்தில் ஒருவர் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு நின்றாராம். "எல்லாம் ஒரே மாதிரிக் கிராமத்துப் பாட்டுதான் அக்கா, ஆனால் பிடில் கோஷ்டியில் சாக்ஸபோன் எதற்கு என்றுதான் புரியவில்லை" என்று முடித்திருந்தாய்.

முதல் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் பாதி மிக நல்ல கேள்வி. இதே மாதிரி ஒரு கேள்வியை 1935-ல் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தில் ஒரு டிரம்ஸ்காரர் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலிலிருந்துதான் நீ அன்று கேட்ட இசை பிறந்தது. ஃபோனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பதிலைச் சொன்ன ஆள் பாப் வில்ஸ். அவருடைய குழு டெக்சஸ் ப்ளேபாய்ஸ். 1905-ல் டெக்சஸில் காஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா ஜான் வில்ஸ் பருத்தி விவசாயி, சுற்று வட்டாரத்தில் பெயர்போன பிடில்காரர். நம் ஊரில் வயலினைப் பிடில் என்போமே, அங்கேயும் அதே கருவிதான். பிடிக்கும் விதமும் வில்லின் நடையும்தான் வேறு. பாபுக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு பண்ணை வீட்டு நடனத்துக்கு அப்பா வந்து சேர நேரமாகிவிட்டது. கூட்டம் காத்திருந்தது. பையன் பிடிலை எடுத்து வாசித்தான். அவனுக்குத் தெரிந்தது ஆறே மெட்டு. அதையே திருப்பித் திருப்பி வாசித்து ஆட்களை ஆடவைத்தான்.

அப்பாவிடம் கற்றது ஒரு பாதி. இன்னொரு பாதி பருத்திக் காட்டில் கிடைத்தது. அங்கே கூட வேலை செய்த கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அவனுக்கு விளையாட்டுத் தோழர்கள். அவர்கள் பாடிய ப்ளூஸ் என்ற சோகப் பாட்டு காதிலேயே தங்கிவிட்டது. வளர்ந்த பிறகு ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டைக் கேட்க ஐம்பது மைல் குதிரையில் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். இசை சோறு போடாத காலத்தில் டர்க்கி என்ற சின்ன ஊரில் முடிதிருத்தினார். 1929-ல் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்து, முகத்தில் கரி பூசிக்கொண்டு மருந்து விற்கும் ஊர்சுற்றிக் கூத்தில் நடித்தார். கறுப்பர்களின் இசையை உயிராக நேசித்தவர்கூடக் கறுப்பர்களைக் கேலி செய்யும் வேஷத்தைப் போட்ட காலம் அது. அந்த இசை எனக்குப் பிடிக்கும் என்பதற்காக இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மாவு மில்லுக்கு விளம்பரமாக வானொலியில் வாசித்த குழு லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ். பாப் அதில் இருந்தார். பாடகர் மில்டன் ப்ரவுன் 1932-ல் விலகினார். அந்த இடத்துக்கு 67 பேரைப் பாடவைத்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்தான் டாமி டங்கன். கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும், அவசரமில்லாத, வெண்ணெய் மாதிரிக் குரல். அடுத்த வருடமே மில் முதலாளியோடு மோதல். பாப் வெளியேற, டாமியும் கூடவே வந்துவிட்டார். வேக்கோ, ஓக்லஹோமா சிட்டி என்று அலைந்து, 1934-ல் டல்சாவில் கேவிஓஓ வானொலியில் கால் ஊன்றினார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நிகழ்ச்சி. வயலிலிருந்து சாப்பிட வந்தவர்கள் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்கும் நேரம். ராத்திரியில் கெய்ன்ஸ் நடனக்கூடம், அல்லது பக்கத்து ஊர்கள்.

இங்கேதான் பாப் ஆள் சேர்க்கத் தொடங்கினார். தன்னைப் போலவே வாசிக்கும் இன்னும் நாலு பிடில்காரர்களைத்தான் எவரும் தேடியிருப்பார்கள். அவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களைத் தேடினார்.

ஸ்மோக்கி டேக்கஸ் டல்சா ஹோட்டல்களில் ஜாஸ் குழுக்களுக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். நீ கிராமத்துப் பாட்டு என்றாயே, அந்தக் கண்ட்ரி இசையில் அன்று டிரம்ஸே கிடையாது. பாப் கூப்பிட்டபோது அவர் கேட்டார்: பிடில் கோஷ்டியில் உனக்கு டிரம்ஸ்காரன் எதற்கு? உன் இசையையும் என் இசையையும் சேர்த்து ஸ்விங் (ஆடத் தூண்டும் ஜாஸ் நடை) ஆக்கவேண்டும் என்பதுதான் பாபின் பதில். உன் கேள்விக்கும் இதுதான் பதில், தம்பி. ஆனாலும் இதோடு கடிதத்தை முடித்துவிட்டால் மற்றவர்களுக்குத் துரோகம் செய்ததாகும்.

பியானோவுக்கு அல் ஸ்ட்ரிக்ளின். ஃபோர்ட் வொர்த் வானொலியில் வேலை பார்த்தவர், ஜாஸ் பியானோ மேதை ஏர்ல் ஹைன்ஸைக் கேட்டுக் கேட்டுக் கையைப் பழக்கியவர். ஜெஸ்ஸி ஆஷ்லாக் பிடில்காரர்தான். ஆனால் அவர் காதில் இருந்தது பாபின் அப்பா வாசித்த எல்லைப்புற நடன மெட்டுகள் அல்ல, ஜோ வெனூட்டியின் ஜாஸ் வயலின். ஒரே மேடையில் இரண்டு பிடில் இருந்தாலும் ஒன்று சோளக்காட்டைப் பேசும், இன்னொன்று நகரத்தைப் பேசும். பாப் கடைசிவரை ஜாஸ் வாசிக்க முயலவில்லை. மெட்டை மெட்டாகவே வாசித்துவிட்டு, கற்பனை செய்து வாசிக்கவேண்டிய இடத்தை ஜெஸ்ஸிக்கு விட்டுவிடுவார். தலைவர் தன் கருவியிலேயே தன்னைவிடத் தாராளமாக வாசிப்பவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

பேஞ்ஜோ வாசித்தவர் பாபின் தம்பி ஜானி லீ. அந்த மத்தியான நிகழ்ச்சியைப் பின்னால் 1958 வரை இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

லியோன் மெக்காலிஃப் சேர்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஹூஸ்டன் பையன். ஸ்டீல் கிடார் ஹவாய்த் தீவுகளில் பிறந்த கருவி. விரலுக்குப் பதில் இரும்புத் துண்டைக் கம்பிமேல் இழுத்து வாசிப்பது. லியோன் ஹவாய் பாணிக் குழுவில் தொடங்கி, டோபாய்ஸ் வழியாக பாபிடம் வந்தார். 1936-ல் அவர் வாசித்த 'ஸ்டீல் கிடார் ராக்' (Rag) பதிவு வந்த பிறகு, ஸ்டீல் கிடார் இல்லாத கண்ட்ரி குழுவை நினைத்துப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது. நீ அன்று கேட்ட அந்த அழுகிற கம்பி நாதம் பசிபிக் கடலிலிருந்து டெக்சஸ் வந்தது.

அந்த மெட்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள். கென்டக்கியைச் சேர்ந்த கறுப்பினக் கிடார் கலைஞர் சில்வெஸ்டர் வீவர் 1923-லேயே 'கிடார் ராக்' என்று ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேள், உறவு தெரியும். இசைத்தட்டில் ஏறியது லியோனின் பெயர் மட்டும். இந்தக் குழுவின் ப்ளூஸும் ஜாஸும் யாரிடமிருந்து வந்ததோ, அவர்களில் ஒருவர்கூட இந்த மேடையில் ஏற முடியவில்லை. 1921-ல் வெள்ளையர் கும்பல் எரித்த கறுப்பர் பகுதியான கிரீன்வுட், கெய்ன்ஸ் கூடத்திலிருந்து நடந்து போகிற தூரம். முப்பத்தைந்து தெருக்கட்டங்கள் சாம்பலான அதே ஊரில், பதின்மூன்று வருடம் கழித்து, அந்த மக்களின் தாளத்துக்கு வெள்ளையர்கள் ஆடினார்கள். பாப் வில்ஸைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் இந்த உறுத்தலும் சேர்ந்தே வரும். இரண்டில் ஒன்றை விட்டுவிட எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் சாக்ஸபோனுக்கு வருகிறேன். இது நடந்தது உன் ஊரிலேயே. 1935 செப்டம்பரில் டல்லாஸில்தான் ப்ளேபாய்ஸின் முதல் பதிவு. பதிவு செய்ய வந்த ஆர்ட் சாதர்லி இங்கிலாந்தில் பிறந்தவர். ஒரு பிடில் கோஷ்டியை எதிர்பார்த்தவரின் முன்னால் ஸெப் மெக்நாலி சாக்ஸபோனோடும், ஆர்ட் ஹெய்ன்ஸ் ட்ராம்போனோடும் நின்றார்கள். கண்ட்ரி குழுவில் ஊதுகருவி எதற்கு என்று அவர் முகம் சுளித்தார். பாட்டு தொடங்கியதும் அடுத்த குறை. பாப் நடுநடுவே குரல் கொடுக்கிறார், இசை கேட்கவில்லை என்றார். பாப் உடனே கருவிகளைக் கட்டுங்கள், ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சாதர்லி இறங்கி வந்தார். சாக்ஸபோன் நிலைத்தது, குரலும் நிலைத்தது.

அந்தக் குரலைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்லவேண்டும். நீளமாக, உச்சஸ்தாயியில், "ஆ... ஹா!" என்பார். நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் ஒரு பிடி பிடித்துவிட்டால் பாடுகிறவர் தன்னை மறந்து சொல்வாரே, கிட்டத்தட்ட அதேதான். யார் வாசிக்கப் போகிறார்களோ அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். லியோனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவர் பெயர் ஊரெல்லாம் பரவியது. வில்லை நீட்டி ஒருவரைக் காட்டினால் அடுத்த தனி ஆவர்த்தனம் அவருடையது. முன்கூட்டிச் சொல்லமாட்டார். அதனால் மேடையில் ஒருவரும் கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியாது. பழைய இசைத்தட்டில் யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று நான் அடையாளம் கண்டுகொள்வதே பாபின் குரலை வைத்துத்தான். உடன் வாசிப்பவர்களின் பெயரை இத்தனை முறை உரக்கச் சொன்ன தலைவரை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

எல்டன் ஷாம்ப்ளின் 1930களின் இறுதியில் வந்தார். தானாகவே இசைக்குறிப்பு எழுதவும் படிக்கவும் கற்றவர். பாதிப் பேர் காதால் வாசிக்கும் குழுவுக்கு அவர்தான் ஊதுகருவிகளின் பகுதிகளை எழுதிக் கொடுத்தார். பிடில் மெட்டாக 1938-ல் பதிவான 'சான் அன்டோனியோ ரோஸ்' 1940-ல் பாடல் வரிகளோடும் பெரிய ஊதுகருவி வரிசையோடும் திரும்ப வந்தது. டாமி டங்கன் பாடினார். பிடில்காரர் நடத்தும் குழுவின் மிகப் பெரிய வெற்றியில் பிடிலே கிடையாது. பிரபல பாடகர் பிங் கிராஸ்பி பாடியதும் அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

பிறகு போர் வந்தது. ஒவ்வொருவராகப் படைக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். பாபும் சேர்ந்து, சில மாதத்தில் திரும்பி, கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். ஓக்லஹோமாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் பிழைக்கப் போன லட்சக்கணக்கானோர் அங்கே இருந்தார்கள். புதிய ஆட்கள், புதிய பழக்கங்கள்: மின்சார மாண்டலினோடு டைனி மூர், கிடாரை உறும வைக்கும் ஜூனியர் பர்னார்ட், அலபாமாவிலிருந்து பாட வந்த மெக்கின்னி சகோதரிகள். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்கு முன்னாலேயே ஜூனியரின் கிடாரில் அந்தக் கரகரப்பு இருக்கிறது. 1951-ல் கார் விபத்தில் போய்விட்டார். அந்தக் கைக்கு இன்னும் பத்து வருடம் கிடைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

1944 டிசம்பர் 30 அன்று நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடைக்கு அழைத்தார்கள். கண்ட்ரி இசையின் கோயில் மாதிரியான இடம். டிரம்ஸுக்கு அங்கே அனுமதி இல்லை, வேண்டுமானால் திரைக்குப் பின்னால் வையுங்கள் என்றார்கள். எல்லோரும் பார்க்க அதை மேடைக்கு இழுத்து வரச் செய்தார் பாப். பில்போர்டு பத்திரிகை இந்த வகைக்குக் 'கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று பெயர் வைத்தது 1949-ல். அந்த 'வெஸ்டர்ன்' என்ற சொல்லுக்குள் ஸ்மோக்கியின் டிரம்ஸும் லியோனின் ஹவாய்க் கம்பியும் ஸெப்பின் சாக்ஸபோனும் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி என்று நீ சொன்னபோது நான் கோபப்பட்டது இதற்காகத்தான்.

டாமி டங்கனை 1948-ல் பாப் நீக்கினார். அது பெரிய தவறு. பத்து வருடத்துக்கும் மேல் கழித்து இருவரும் மறுபடி சேர்ந்து பாடினார்கள், ஆனால் காலம் போய்விட்டிருந்தது. 1969-ல் பாபுக்குப் பக்கவாதம். வில் பிடிக்கும் கை போயிற்று.

கடைசிப் பதிவும் உன் டல்லாஸில்தான், 1973 டிசம்பர் 3, 4. பழைய ஆட்கள் கூடினார்கள். லியோன், ஸ்மோக்கி, அல், எல்டன். சிறுவயதிலிருந்தே பாபைக் கொண்டாடிய கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்டும் வந்து பாடினார். முதல் நாள் பாப் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிடில் வாசிக்க முடியாது. குரல் கொடுத்தார், மெல்லியதாக. அந்தப் பதிவில் அது கேட்கிறது. அன்றிரவு மறுபடி பக்கவாதம் தாக்கி நினைவு தப்பியது. மறுநாள் அவர் இல்லாமலே வாசித்து முடித்தார்கள். நினைவு திரும்பாமலே 1975 மே 13 அன்று இறந்தார். அந்த இசைத்தட்டை நான் தனியாக இருக்கும்போது மட்டும்தான் போடுவேன்.

நீ அதில் தொடங்காதே. 1946, 47-ல் வானொலிக்காகப் பதிவான டிஃபனி ட்ரான்ஸ்க்ரிப்ஷன்ஸில் தொடங்கு. இசைத்தட்டின் மூன்று நிமிட அவசரம் அங்கே இல்லை, ஒவ்வொருவரும் நின்று வாசிப்பார்கள். பிறகு அதே நடனக்கூடத்துக்கு இன்னொரு சனிக்கிழமை போய், இந்த முறை சாக்ஸபோன்காரருக்குப் பக்கத்தில் நில். முடிந்தால் அவர் இசை எங்கே கற்றார் என்று கேட்டு எழுது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை டர்க்கியில் பாப் வில்ஸ் நாள் கொண்டாடுவார்கள். உன் வீட்டிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம். போனால் அந்த ஊர்த் தெருக்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு முடிதிருத்துநர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிடிலோடு கிளம்பிய ஊரைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அன்புடன்,
அக்கா