ஒரு ரீப்பருக்கும் கொஞ்சம் வலை ஈயத்துக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி 11.40-க்குக் கார் டிசைன் போட்டிக்கான கடைசிப் படம் கம்ப்யூட்டரில் உருவாகி (ரெண்டர்) முடிந்தது. பன்னிரண்டு அடிப்பதற்குள் அனுப்பியும் விட்டேன். கை இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மழை ராத்திரி, என் கார் மாடல் உட்பட, எதெல்லாம் தண்ணீரோடு போனது என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் எங்கள் வீட்டுக்குள் வாளியோடு நின்றவர்கள்தானே. அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆல்பம் போடும் கம்ப்யூட்டரை, அதுவும் முகூர்த்த நாட்களில், ஒன்பது ராத்திரி என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போன ராமநாதபுரம் ஸ்டுடியோ அண்ணன், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நாளெல்லாம் பைக்கில் பாம்பன் வரை கொண்டுவந்து விட்ட நண்பர்கள், சவுதியிலிருந்து கேட்காமலே பணம் அனுப்பிய மச்சான், நான் எப்போதோ அனுப்பிய படங்களைப் பழைய போனிலிருந்து தோண்டியெடுத்த தங்கச்சி, எதுவும் கேட்காமல் சோறு போட்ட அம்மா. உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்றைக்குப் படகு கட்டும் ஓடாவி மாமாவைப் பற்றி எழுத விடுங்கள்.

மூன்றாம் நாள் அப்பா தார்ப்பாய் இரவல் வாங்கிவர அனுப்பினார். மாமா கொட்டகையில் ஒரு வல்லத்துக்கு (மரப்படகுக்கு) பலகை சேர்த்துக்கொண்டிருந்தார். "மொகத்துல ஈயாடலயே, என்னாச்சு?" என்றார். பதில் சொல்ல வரவில்லை. போனை எடுத்துக் காட்டினேன். என் காரில் மிச்சமிருந்தது அந்த ஒரு பக்கவாட்டுப் படம்தான்.

அந்தக் கார் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் மதராசில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு உடம்பு வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதன் பின்பக்கம் சின்னதாக, மீன் துடுப்பு விரித்த மாதிரி, இரண்டு விளிம்பு நிமிர்ந்து நிற்கும். அந்த வாலை, 1955-இல் பாரிஸில் வெளிவந்த சித்ரோயன் டி.எஸ். காரின் நீண்ட சரிவோடு சேர்த்தால் என்ன என்பதுதான் என் யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் எனக்கு ஆறு மாதமாக உதைத்துக்கொண்டே இருந்தது. புள்ளிமேல் புள்ளி வைத்து, பளபளப்பைக் குறைத்து, கோணத்தை மாற்றி, ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன்.

மாமா கட்டைவிரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முன்ன நல்லா வருது. ரெண்டாங் கதவு தாண்டுன ஒடனே முறிஞ்சிருச்சே தம்பி. இதுல தண்ணி ஒட்டி ஓடாது" என்றார். கார் தண்ணீரில் ஓடாது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் விரல் வைத்திருந்தது சரியாக அந்த இடத்தில்.

கேபினுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு புதுப் பிளைவுட்டைத் தரையில் விரித்தார். ஆணி அடித்தால் பலகை வீணாகிவிடும். கிழிந்த வலை ஒன்றிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்து, பழைய கைலித் துணியில் சின்னச் சின்ன மூட்டையாக முடிந்தார். நுனி மெலிய இழைத்த ஒரு நீள ரீப்பரை (மெல்லிய மரப்பட்டையை) வளைத்து, அங்கங்கே அந்த மூட்டைகளை முட்டுக்கொடுத்தார். நான் பதற்றத்தில் இன்னும் இரண்டு மூட்டை வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "மரம் எங்க மொறைக்குதோ அங்க ஈயத்தை எடுக்கணும், வைக்கக் கூடாது. அது போற போக்குக்கு விட்டுப் பாரு."

எடுத்தோம். ரீப்பர் லேசாகத் துள்ளி, தானே ஓர் இடத்தில் போய் அடங்கியது. சாக்பீஸால் கோடு போட்டார். ஆறு மாதம் எனக்குப் பிடிபடாத தோள் கோடு தரையில் கிடந்தது.

கம்ப்யூட்டரில் இழுக்கும் வளைகோட்டை ஸ்ப்ளைன், ஸ்ப்ளைன் என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பேரே இந்த மெல்லிய மரப்பட்டைக்கு உரியதுதான். கப்பல் வரைபடக்காரர்கள் இப்படித்தான் பட்டையை வளைத்து, ஈயக்கட்டி வைத்து நிறுத்திக் கோடு இழுத்தார்கள். கார் உடம்புக்கு அதைக் கணக்காக்கியவர்களில் ஒருவர் சித்ரோயனில் இருந்த பால் த காஸ்தெல்ஜோ, 1959-இல். கம்பெனி அதை வெளியே விடவில்லை. ரெனோ கார் கம்பெனியில் இருந்த பியர் பெசியே தன் வேலையை வெளியிட்டார். வளைவுக்கு அவர் பேரே நிலைத்துவிட்டது. இதையெல்லாம் ஜூனியர்களுக்கு நான் ஸ்லைடு போட்டுச் சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள்கூட ஒரு பட்டையைக் கையில் பிடித்து வளைத்துப் பார்த்ததில்லை.

நடுவில் டீ வந்தது. டி.எஸ்.ஸின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடச் சுமார் 20 செ.மீ. நெருக்கமாக இருக்கும், உடம்பு பின்னால் ஒடுங்கிக்கொண்டே போகும் என்றேன். "அதை வரைஞ்சது யாரு?" என்றார். ஃப்ளாமினியோ பெர்தோனி, சிலை வடிப்பவர் என்றேன். "படகும் பாத்துருப்பான்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

சாக்பீஸ் கோட்டை நேர் மேலே நின்று போட்டோ எடுத்து, அன்று ராத்திரியே பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் பின்னணியாக வைத்துத் தொடங்கினேன். முன்பு நாற்பது புள்ளி போட்ட கோட்டுக்கு இப்போது ஐந்தே போதுமாக இருந்தது. வளைவு சீராக இருக்கிறதா என்று சோதிக்கும் வரிக்குதிரைக் கோடுகளை அதன்மேல் ஓடவிட்டுப் பார்த்தபோது முன்விளக்கிலிருந்து வால்வரை ஒரு வரிகூட உடையவில்லை. ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அண்ணன், கேமராவில் பதிவாகியிருந்தால் அழித்துவிடுங்கள்.

பிளைவுட்டுக்கு மாமா காசு வாங்கவில்லை. "சாக்பீஸ்தானே, தொடச்சாப் போச்சு" என்றார். அரைநாள் வேலை கெட்டதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவர் கட்டும் எந்த வல்லத்துக்கும் வரைபடம் கிடையாது. ஏராவின் (படகின் அடிக்கட்டையின்) நீளத்தைச் சொன்னால் மீதி அத்தனையும் அவர் கைக்குத் தெரியும். கொட்டகையில் இப்போது நிற்கும் வல்லத்தை அடிக்கு அடி அளந்து, அதே ரீப்பரை வைத்து வளைவெடுத்து, அச்சு அசலாக மாடல் செய்யப்போகிறேன். போட்டியில் என்ன வந்தாலும் அடுத்த வேலை அதுதான். இந்தத் தடவை பேக்கப் மூன்று இடத்தில், ஒன்று மதுரையில் அத்தை வீட்டு மாடியில். போதுமா, தங்கச்சி?

மாமா, ரீப்பரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொண்டுவந்து தருகிறேன். பஸ்ஸில் ஏற்றும்போது நுனியில் ஒரு விரலளவு கீறிவிட்டது. திட்டாதீர்கள்.