அச்சுப் பெட்டிக்குள் வைத்த கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதம் கையில் வர வேண்டும் என்றுதான் மேலே வைத்தேன். கீழே இருப்பவை இரண்டு சிலிகான் மஃபின் அச்சுகள். ஒவ்வொன்றிலும் 12 குழி. துண்டில் சுற்றியிருப்பது சமையல் தெர்மாமீட்டர், கம்பி வளையாமல் எடு.

போன வாரம் பேசும்போது, காலையில் வெறும் காபிதான் குடித்துவிட்டுப் போகிறேன் என்றாய். பதினொரு மணிக்குக் கை நடுங்குகிற மாதிரி இருக்கிறது, அதற்காக மேஜையில் பிஸ்கட் வைத்திருக்கிறேன் என்றாய். சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. முப்பது வருஷம் நானும் அப்படித்தான் வேலைக்குப் போனேன். கையில் கிடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே செருப்பு மாட்டியவன் நான். எனக்குச் சர்க்கரை வந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சர்க்கரை வந்த பிறகுதான் காலைச் சாப்பாட்டைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். அந்த யோசனையை உனக்கு இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. உன்னிடம் நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் காலை நேரத்தைத் தொடாத ஒரு வழியைச் சொல்கிறேன்: முட்டை மஃபின். முட்டையையும் சீஸையும் காயையும் கலக்கி, இந்த அச்சின் குழிகளில் ஊற்றி, சின்னச் சின்ன கேக் மாதிரி ஓவனில் வேகவைப்பது. வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே முடிந்துவிடும். காலையில் சூடு பண்ணிச் சாப்பிடுவது மட்டும்தான்.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. மாவுச்சத்து அரை கிராம் அளவுதான். இரண்டு துண்டு ரொட்டியில் மாவுச்சத்து மட்டுமே 25 கிராமுக்குக் குறையாது, புரதமோ கொஞ்சம்தான். புரதம் வயிற்றில் நின்று பசியைத் தள்ளிப்போடும். ரொட்டியும் ஜாமும் தின்றால் சர்க்கரை சட்டென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கும். அளந்து பார்த்துக்கொண்டே இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், காலையில் முட்டை சாப்பிட்ட நாட்களில் என் மீட்டரில் வரும் எண்ணே வேறு.

மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடலாம் என்று நீ நினைப்பாய், உன் வயதில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வேண்டாம். முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. ஓவனில் வேகும்போது மிருதுவாக இருப்பதற்கும் அந்தக் கொழுப்புதான் காரணம். வெறும் வெள்ளையில் செய்தால் ரப்பர் மாதிரி இழுக்கும், மூன்றாம் நாள் நீயே தொட மாட்டாய்.

இப்போது அளவு. ஒரு அச்சுக்கு 10 முட்டை, 150 கிராம் காட்டேஜ் சீஸ் (உதிரி உதிரியாக, ஈரமாக இருக்கும் மிருதுவான சீஸ்), துருவிய சீஸ் 60 கிராம், காய்கறி கால் கிலோ. எல்லாம் சேர்த்து 12 குழியும் முக்கால் அளவு நிறையும். ஒன்றுக்கு 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான புரதம், 2 கிராம் போல மாவுச்சத்து. மூன்று சாப்பிட்டால் 23 கிராம் புரதம் உள்ளே போய்விடும். 60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் தேவை என்று சொல்லும் அளவே 48 கிராம்தான். அதில் பாதி, நீ வாசல் கதவைப் பூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பாப்பா, இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அது தண்ணீரைப் பற்றியது. நான் கெடுத்த ஒவ்வொரு தட்டும் தண்ணீரால்தான் கெட்டது. அது புரிய எனக்கு நாலைந்து ஞாயிறு ஆனது.

முதல் முறை பசலைக்கீரையைக் கழுவி, நறுக்கி, அப்படியே பச்சையாகப் போட்டேன். தக்காளியும் சேர்த்தேன். ஓவனிலிருந்து எடுத்தபோது பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி, முட்டையெல்லாம் ஊறிக் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். எனக்குத்தான் சாப்பிட முடியவில்லை. கீரை, காளான், தக்காளி, சுரைக்காய் வகைகள் எல்லாவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அது எங்காவது வெளியே வந்துதான் ஆக வேண்டும். முட்டைக்குள் வருவதற்கு முன் வாணலியில் வரட்டும். காளானை அகலமான வாணலியில் போட்டு, அதிலிருந்து வெளியே வரும் தண்ணீரெல்லாம் வற்றி, ஓரம் பழுப்பாகும் வரை வதக்கு. பாதியில் எடுத்துவிடாதே. கீரையை வதக்கி ஆறியதும் கையில் பிடித்து நன்றாகப் பிழி. ஒரு கட்டுக் கீரை ஒரு உருண்டையாகச் சுருங்கும், அதுதான் சரியான பதம். தக்காளி வேண்டுமானால் விதையையும் சாறையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடு. குடமிளகாய், வெங்காயம், ப்ரோக்கோலி இவையெல்லாம் அவ்வளவு தொல்லை தராது, லேசாக வதக்கினால் போதும். முட்டையில் நார்ச்சத்து கொஞ்சமும் கிடையாது. அதனால் தண்ணீருக்குப் பயந்து காயைக் குறைத்துவிடாதே.

வதக்கிய காய் ஆறட்டும். சூட்டோடு முட்டையில் கொட்டினால் அங்கங்கே திரிந்துவிடும். முட்டையை உடைத்து, உப்பு போட்டுக் கலக்கி, ஒரு கால் மணி நேரம் அப்படியே வை. உப்பு முட்டையின் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடும், வெந்தபின் மிருதுவாக இருக்கும். சீஸிலும் உப்பு இருக்கிறது, பார்த்துப் போடு. நுரை பொங்க அடிக்காதே. நுரையில் இருக்கும் காற்று ஓவனில் ஊதி, வெளியே வந்ததும் அமுங்கி, கடற்பஞ்சு மாதிரி ஆக்கிவிடும். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டால் நிறுத்திவிடலாம். காட்டேஜ் சீஸ் மணல்மணலாக இருப்பது பிடிக்காவிட்டால் இரண்டு முட்டையோடு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மீதியில் ஊற்று.

அச்சு வளையும், கவனம். முதலில் அதை ஒரு கெட்டியான உலோகத் தட்டின் மேல் வைத்துவிட்டு அப்புறம் ஊற்று. ஊற்றிவிட்டுத் தூக்கினால் பாதி தரையில்தான் இருக்கும். நான் முதலில் உலோக அச்சில்தான் செய்தேன். எவ்வளவு எண்ணெய் தடவினாலும் முட்டை ஒட்டிக்கொள்ளும், இரவு முழுக்க ஊறவைத்துச் சுரண்டியிருக்கிறேன். ஞாயிறு இரவு உனக்கு அந்த வேலை இருந்தால் அடுத்த ஞாயிறு நீ செய்யவே மாட்டாய். அதற்காகத்தான் இந்த சிலிகான்.

ஓவன் 175 டிகிரி. நன்றாகச் சூடான பிறகு வை. இருபது நிமிஷத்தில் பார். சிலிகானில் இரண்டு மூன்று நிமிஷம் கூட ஆகலாம். ஓரங்கள் இறுகி, நடுவில் லேசாக ஆடினாலும் ஈரமாக ஓடாமல் இருந்தால் சரி. சந்தேகமாக இருந்தால் தெர்மாமீட்டரை நடுவில் குத்து. 71 டிகிரி வந்துவிட்டால் பாதுகாப்பு. 90 வரை விட்டுவிடாதே. இங்கேதான் மறுபடியும் தண்ணீர் வருகிறது. வேக வேக முட்டையின் புரதம் வலை மாதிரி பின்னிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அளவு தாண்டினால் அந்த வலை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். கீரையே போடாமல் செய்தபோதும் என் டப்பாவில் தண்ணீர் நின்றது, காரணம் தெரியாமல் குழம்பினேன். பத்து நிமிஷம் கூடுதலாக வைத்ததுதான் காரணம். அதே கூடுதல் சூட்டில் சில சமயம் லேசாகப் பச்சை நிறமும் ஓடும். வெள்ளையில் இருக்கும் கந்தகமும் மஞ்சள் கருவில் இருக்கும் இரும்பும் சேர்வதால் வருவது அது. சாப்பிடக் கெடுதல் இல்லை, பயப்படாதே. ஓவனுக்குள் உப்பி எழுந்தது வெளியே வந்து அமுங்கினாலும் கவலைப்படாதே. உள்ளே இருந்த நீராவி போய்விடுகிறது, அவ்வளவுதான்.

எடுத்ததும் ஐந்து நிமிஷம் அச்சிலேயே விட்டு, அப்புறம் கம்பித் தட்டில் கவிழ்த்து ஆறவிடு. சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் பட்டு வேர்த்து, சொட்டுச் சொட்டாக முட்டை மேலேயே விழும். ஆறட்டும் என்று வைத்துவிட்டுத் தூங்கியும் போய்விடாதே. சமைத்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூ தாளை மடித்துப் போடு, மிச்சமிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜில் மூன்று நாள், அதிகம் போனால் நாலு நாள். அதற்கு மேல் மணம் நன்றாக இருந்தாலும் சாப்பிடாதே. இரண்டு அச்சு அனுப்பியதே அதற்காகத்தான். ஒன்றில் செய்தது திங்கள் முதல் வியாழன் வரைக்கும். இரண்டாவதில் செய்ததை ஃப்ரீசரில் வை. முதலில் தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறையவிட்டு, கல் மாதிரி ஆனதும் ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடு. ஒன்றோடு ஒன்று ஒட்டாது, மூன்று மூன்றாக எடுக்கலாம். இரண்டு மாதம் தாங்கும். உறையும்போது உள்ளே இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி முட்டையைக் கொஞ்சம் கிழிக்கத்தான் செய்யும். சீஸ் சேர்த்தது அதைத் தாங்கும், சேர்க்காதது தாங்காது. அதனால் ஃப்ரீசருக்குப் போகிற அச்சில் சீஸைக் குறைக்காதே.

வியாழன் இரவு படுக்கப் போகும்போது மூன்றை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. சமையல் மேடையில் வைத்து இளக விடக் கூடாது. காலையில் மைக்ரோவேவில் பாதி சக்தியில், ஈரமான டிஷ்யூவால் மூடி, ஒன்றரை நிமிஷம். முழு சக்தியில் வைத்தால் ஓரம் தோலாகும், நடு சில்லென்று இருக்கும். நடுவிலும் ஆவி பறக்க வேண்டும், 74 டிகிரி. அந்த ஒன்றரை நிமிஷத்தில் நீ தலை வாரிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், முழு மஞ்சள் கருவோடு வெந்த முட்டையை மைக்ரோவேவில் வைக்காதே. அது வெடிக்கும், எடுத்து வாயில் வைத்த பிறகும் வெடிக்கும். அடித்துக் கலக்கிச் செய்ததுதான் அதற்குப் பாதுகாப்பு.

உன் அறைத்தோழிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, இன்சுலின் போடுகிறாள் என்று சொன்னாய். அவளுக்கும் கொடு, ஆனால் அவள் முதலில் தன் டாக்டரிடம் பேசட்டும். வழக்கமான ஊசி அளவைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நான் இப்படிச் சாப்பிட ஆரம்பித்தபோது டாக்டர் என் மாத்திரையையே குறைத்தார். இதை மறக்காமல் அவளிடம் சொல்.

அப்புறம், உன் கை நடுக்கத்தையும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிடு. பசியாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டால் எங்களுக்கு இங்கே தூக்கம் வரும்.

முதல் தடவை புதிதாக எதையும் முயற்சி செய்யாதே. வதக்கிய குடமிளகாய், வெங்காயம், பிழிந்த கீரை, கொஞ்சம் மிளகுத்தூள், அவ்வளவு போதும். இது கைக்கு வந்த பிறகு உன் இஷ்டம். அம்மா வேகவைத்த கோழியை நார்நாராகப் பிய்த்துப் போட்டுச் செய்கிறாள். அதைவிட ருசியாக நான் இன்னும் செய்யவில்லை.

பார்சல் சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். காளானை வதக்கும்போது போனை வாணலிக்குப் பக்கத்தில் வை. தண்ணீர் வற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டால் போதும், எப்போது இறக்குவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா