ஓடும் வண்டியில் குக்கர் வேண்டாம். நிற்கும் வண்டியில் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார்ஹோமில் (படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டியில்) எலக்ட்ரிக் மல்டிகுக்கரை, அதாவது பிரஷரில் வேகவைக்கவும் வதக்கவும் உதவும் மின்குக்கரை, வைத்துச் சமைப்பது பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தோம். வண்டிச் சமையலுக்கு மல்டிகுக்கரைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் குக்கரை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினால் போய்ச் சேரும்போது சாப்பாடு தயாராக இருக்கும் என்ற யோசனை ஆபத்தானது. அதை நம்பி யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

6 லிட்டர் மல்டிகுக்கர் காலியாகவே ஐந்தாறு கிலோ இருக்கும். உள்ளே 3 கிலோ உணவும் தண்ணீரும் சேர்ந்தால் ஏறக்குறைய 9 கிலோ. திடீரென்று பிரேக் பிடித்தால் மேடையிலிருந்து பறந்து வரக்கூடிய எடை இது. பிரஷர் ஏறிய நிலையில் உள்ளே சுமார் 70 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் இருக்கும். 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை அது 270 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. மூடியின் பூட்டு அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதுதான். ஆனால் குக்கர் நேராக நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. ஆவி வெளியேறும் வால்வு பல மாடல்களில் தன் எடையால் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. குக்கர் சாய்ந்தால் வால்வு தூக்கிக்கொள்ளும், கொதிக்கும் குழம்பு அதன் வழியாகப் பீறிடும். கவிழாவிட்டாலும் குலுக்கலில் கஞ்சித் தண்ணீர் மேலே அலையடித்து ஆவித் துளையையும், பிரஷர் ஏறும்போது மேலெழுந்து இறங்கும்போது கீழே விழும் மிதவை வால்வையும் அடைத்துவிடலாம். பெல்ட் போட்டுக் கட்டினால் குக்கர் நகராதே தவிர, உள்ளே இருக்கும் திரவம் அலையடிப்பது நிற்காது. பிரஷர் இல்லாமல் மிதமான சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் ஸ்லோ குக் முறைக்கும் இதே தடைதான். கண்ணாடி மூடி பூட்டிக்கொள்வதே இல்லை.

டைமர் வைத்துத் தாமதமாகச் சமைக்கத் தொடங்கும் வசதியும் வண்டியில் கவனத்துக்குரியது. பச்சை இறைச்சி 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வண்டிக்குள் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வெயிலில் நிற்கும் மோட்டார்ஹோம் அந்த அளவை வெகு விரைவில் தாண்டிவிடும்.

வண்டி நின்ற பிறகு சமைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? பலரும் கணக்கைத் தவறாகப் போடும் இடம் இது. சமையல் நேரம் நீண்டால் பேட்டரி காலியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். மின்சாரத்தைத் தின்பது வேகும் நேரம் அல்ல, சூடேறும் நேரம். 3 கிலோ உணவையும் தண்ணீரையும் 20 டிகிரியிலிருந்து 115 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.33 யூனிட் வேண்டும். 1000 வாட் குக்கருக்கு அதுவே 20 நிமிட முழு வேலை. பிரஷர் வந்த பிறகு ஹீட்டர் விட்டுவிட்டுத்தான் எரியும். பத்து நிமிடம் கூடுதலாக வேகவைத்தால் சுமார் 0.03 யூனிட்தான் கூடும். பாத்திரம் சூடேறுவது, வெளியே இழக்கும் வெப்பம், இன்வெர்ட்டரில் போகும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் எல்லாம் சேர்த்தால் ஒருவேளைச் சமையலுக்குப் பேட்டரியிலிருந்து அரை யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே சிக்கனம் என்பது தண்ணீரில் இருக்கிறது. ஒன்றரைக் கிலோவாகக் குறைத்தால் சூடேற்றும் செலவு பாதியாகும். மூடியைத் திறந்து வைத்து, வதக்கும் முறையில் குழம்பைச் சுண்டவைப்பதுதான் பெரிய விரயம். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.1 யூனிட்கூட ஆகாது. அதே ஒரு லிட்டரை ஆவியாக்க 0.63 யூனிட் போய்விடும். பேட்டரியில் சமைப்பவர்கள் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும், சுண்டவைக்கும் வேலையே வரக் கூடாது. வால்வில் விடாமல் ஆவி கசிந்துகொண்டிருந்தால் பேட்டரியும் கசிகிறது என்று பொருள், காஸ்கெட்டைப் பாருங்கள்.

பேட்டரியில் எத்தனை யூனிட் இருக்கிறது என்பது ஒரு பாதி. எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது மறுபாதி. 1000 வாட் குக்கர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 1.28 யூனிட் இருக்கிறது, அதனால் இரண்டு வேளைக்குத் தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் பெரும்பாலும் 100 ஆம்பியரில் துண்டித்துவிடும். குக்கர் 90 ஆம்பியர் இழுக்கும்போதே ஃபிரிட்ஜும் தண்ணீர் பம்பும் ஓடினால் எல்லை வந்துவிடும். 1200 வாட் எடுக்கும் 8 லிட்டர் குக்கர் தனியாகவே எல்லையைத் தாண்டும். சமையல் நடுவில் வண்டி முழுக்க இருண்டுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், பேட்டரி தீர்ந்துபோனது அல்ல. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியை இதற்கு நம்பவே முடியாது. அதில் பாதிதான் எடுக்கலாம். அதுவும் 90 ஆம்பியர் இழுத்தால் வோல்டேஜ் சரிந்து, சில நிமிடங்களிலேயே இன்வெர்ட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பும். பேட்டரியை நம்பிச் சமைப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை 3 லிட்டர், 700 வாட் குக்கர். இழுப்பு 60 ஆம்பியரை ஒட்டி நிற்கும். இரண்டு மூன்று பேருக்கு அளவும் போதும்.

இன்வெர்ட்டர் 1500 வாட் தொடர்ந்து தரக்கூடியதாக, வீட்டு மின்சாரம்போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வகையாக இருக்கட்டும். மலிவான மாடிஃபைடு சைன் வகையில் ஹீட்டர் எரியும், அதில் குறையில்லை. ஆனால் கட்டுப்பாட்டுப் போர்டில் உள்ள சின்ன மின்பகுதி சூடாகிப் பழுதாகலாம், டைமர் தாறுமாறாக ஓடலாம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே கேபிள் முடிந்தவரை குட்டையாக, 50 சதுர மில்லிமீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர் என்று 16 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால், 90 ஆம்பியரில் கேபிளிலேயே ஏறக்குறைய 35 வாட் வெப்பமாகும், வோல்டேஜும் 0.4 குறையும். பலகைக்குப் பின்னால் மறைந்து ஓடும் கேபிள் சூடாவது நல்லதல்ல. 200 ஆம்பியர் பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்; லித்தியத்துக்கு, மிகப் பெரிய மின்னோட்டத்தையும் பத்திரமாகத் துண்டிக்கும் கிளாஸ்-டி (Class T) வகை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் இன்வெர்ட்டர்களைக் குக்கருக்குப் பயன்படுத்தவே முடியாது. அந்தச் சாக்கெட்டின் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான்.

சமைத்து முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிட வேண்டும். சும்மா இருக்கும்போதே 20 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் ஒரு நாளில் 0.48 யூனிட்டைத் தின்றுவிடும். அது ஒருவேளைச் சமையல்! செலவான அரை யூனிட்டைத் திரும்பப் பெற, வண்டி எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஓட்டத்தின்போது வீட்டுப் பேட்டரியை ஏற்றும் கருவி) மூலம் ஒன்றேகால் மணி நேர ஓட்டம் வேண்டும். கூரையில் படுத்திருக்கும் 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் அதைவிடக் கூடுதலாகத் தரும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், குளிர்நாட்டுக் காலையில் சமைத்துத் தீர்த்த மின்சாரம் உடனே திரும்ப ஏறாது.

முகாம்களில் வண்டிக்கு வெளியிலிருந்து மின் இணைப்பு கிடைத்தால் பேட்டரிக் கவலை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது பிரேக்கரின் அளவு. 230 வோல்ட் நாடுகளில் சில இடங்களில் 6 ஆம்பியர்தான் தருவார்கள், அதாவது 1380 வாட். குக்கர் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் உடனே ட்ரிப் ஆகும். சுருட்டி வைக்கும் நீட்டிப்பு கேபிளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே விட்டால் உள்சுற்றுகளில் வெப்பம் தேங்கி உறை உருகும். நாடு விட்டு நாடு போகிறவர்கள் குக்கரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படிக்க வேண்டும். 120 வோல்ட் குக்கரை 230 வோல்ட்டில் செருகினால் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கும் மேல் சக்தி இழுத்து எரிந்துபோகும். மாறாக 230 வோல்ட் குக்கரை 120 வோல்ட்டில் செருகினால் கால்பங்கு சக்திதான் வரும், பிரஷரே ஏறாது. பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது.

குக்கரை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். கேஸ் அடுப்பின் மேல் வைக்காதீர்கள், அடுப்பை மூடும் கண்ணாடியின் மேலும் வேண்டாம். கைதவறி அடுப்புத் திருகு திரும்பினால் பிளாஸ்டிக் அடிப்பாகம் உருகும். கண்ணாடி வெப்பத்திலும் எடையிலும் விரிசல் விடும். மேல் அலமாரிக்கு நேர் கீழேயும் கூடாது. 3 கிலோ உணவு உள்ளே இருக்கும்போது வால்வை ஒரேயடியாகத் திறந்தால் சுமார் 80 கிராம் தண்ணீர் ஆவியாக வெளியே வரும்; 140 லிட்டர் அளவுக்கு விரியும். சிறிய வண்டிக்குள் அது முழுவதும் அலமாரிப் பலகையிலும் கூரைத் துணியிலும் படிந்து நாளடைவில் பலகையை ஊதவைக்கும். கூரை விசிறியைப் போட்டு, திறந்த ஜன்னலோரம் வைத்து ஆவியை விடுங்கள். அவசரமில்லையென்றால் தானாக அடங்கும்வரை விட்டுவிடுவது இன்னும் நல்லது. அந்தச் சூட்டில் உணவும் வெந்துகொண்டிருக்கும். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்கள் அதன் புகைக்குழாயைத் திறந்த ஜன்னலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது.

மேடு பள்ளத்தில் நிறுத்திய வண்டியில் சமைப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் தொல்லை அடிப்பிடிப்பு எச்சரிக்கை. தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்க, மறுபக்கம் காய்ந்த தளம் சூடேறி, சென்சார் ஹீட்டரை நிறுத்திவிடும். சக்கரத்துக்கடியில் கட்டை கொடுத்து வண்டியைச் சமப்படுத்த வேண்டும். அல்லது உள்ளே தாங்கி வைத்து அதன்மேல் சிறு பாத்திரத்தில் அரிசியோ பருப்போ வேகவைக்கலாம். பின்னதில் கழுவும் தண்ணீரும் மிச்சம். குறைந்தபட்சத் தண்ணீர் 3 லிட்டர் குக்கருக்கு 250 மில்லி, 6 லிட்டருக்கு 375 மில்லி என்பது பொதுவான அளவு. நிரப்புவது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. நுரைக்கும், ஊறிப் பெருகும் அரிசிக்கும் பயறுக்கும் பாதிதான் எல்லை. வதக்கிய பிறகு ஒட்டியதைச் சிறிது தண்ணீர் விட்டுச் சுரண்டிவிட்டு மூடியைப் போடுங்கள்.

மலை ஏறினால் நேரம் மாறும். 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். பிரஷர் குக்கர் சுற்றுக் காற்றழுத்தத்துக்கு மேல்தான் தன் 70 கிலோபாஸ்கலைச் சேர்க்கிறது. ஆகவே கடல்மட்டத்தில் 115 டிகிரி தந்த குக்கர் 3000 மீட்டரில் 109 டிகிரியில் நின்றுவிடும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் வேகும் நேரத்தில் 5 சதவீதம் கூட்டுங்கள். 3000 மீட்டரில் 20 நிமிடச் சமையல் 28 நிமிடமாகும். முன்பு சொன்னதுபோல இதற்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. சிவப்பு ராஜ்மா பயற்றை ஸ்லோ குக் முறையில் மட்டும் வேகவைக்கவே கூடாது. அதிலுள்ள நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மிதமான சூட்டில் வெந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷரில் வேகவையுங்கள்.

கிளம்பும்முன் பிரஷர் முழுவதும் இறங்கி, மிதவை வால்வு கீழே விழுந்திருக்கிறதா என்று பார்த்து உணவை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். குக்கரைத் தரையோரம் உள்ள அலமாரியில், உள்பாத்திரத்துக்கும் உறைக்கும் நடுவே துணி கொடுத்து வையுங்கள். உராய்ந்து அடிப்பாகம் நசுங்கினால் ஹீட்டர் தட்டோடு சரியாகப் பொருந்தாது. துணியை எடுத்த பிறகு தட்டில் ஒரு சோற்றுப் பருக்கைகூட ஒட்டியிருக்கக் கூடாது. மூடியின் உட்புறத்தில் ஆவித் துளையைக் காக்கும் சிறு மூடி குலுக்கலில் கழன்றிருக்கும். ஒவ்வொரு சமையலுக்கும் முன் விரலால் அழுத்திப் பாருங்கள். காஸ்கெட் ஒன்றும் மிதவை வால்வின் சிலிக்கான் தொப்பி ஒன்றும் கூடுதலாகக் கையிருப்பில் வேண்டும். வழியில் எல்லா இடத்திலும் கிடைக்காது. கழற்றி மாட்டும் மின்வயரின் முனை குக்கருக்குள் தளர்வாக உட்கார்ந்தால் அங்கே வெப்பம் கூடும். பிளக்கின் துளையோரம் பழுப்பேறியிருந்தால் அந்த வயரை அன்றே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார்ஹோம் மின்பணி செய்யும் வாசகர்கள்