அப்டேட்டை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"அப்டேட்டை ஓஃப் பண்ணியாச்சு, இனித் தொல்லை இல்லை" என்ற பேச்சை மலையகத்துக் காரியாலயங்களிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் அடிக்கடி கேட்கலாம். தொல்லை மெய்தான், வைத்தியம்தான் பிழை.

மைக்ரோசொப்ட் விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட்டை மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடுகிறது. நமது நேரப்படி இரவு 10.30, அமெரிக்கக் குளிர்காலத்தில் 11.30. புதன் காலை கணினியைத் திறந்தால் அது வந்து நிற்கும். இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8க்கும் 14க்கும் இடையில்தான் விழும். தோட்டங்களில் சம்பளமோ 10ஆம் திகதியை ஒட்டி. செக்ரோல் எனும் தொழிலாளர் வேலைநாள், கூலிப் பதிவுக் கணக்கை முடித்துச் சம்பளத் துண்டு அச்சிடும் வேளையில் 'ரீஸ்டார்ட்' கேட்டால் கிளாக்கருக்குக் கோபம் வராதா?

அந்தக் கோபத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2021 மார்ச் 9ஆம் திகதி வந்த அப்டேட்டை ஏற்றிய கணினிகளில் சில, பிரிண்ட் கொடுத்ததுமே நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன. திருத்தம் 15ஆம் திகதிதான் வந்தது. ஆறு நாள் பொறுத்தவர் தப்பினார்.

ஆகவே பொறுக்கலாம், ஆனால் அளவோடு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'போஸ்' (Pause, இடைநிறுத்து) என்பதை அழுத்தி ஒரு வாரம் கொடுங்கள். ஐந்து வாரம் வரை அது இடம் தரும், அவ்வளவையும் எடுக்க வேண்டாம். இடையில் அதிகம் பயன்படாத ஒரு கணினியில் மட்டும் ஏற்றி, சம்பள மென்பொருள் திறக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரியென்றால் மற்றவற்றுக்கும் விடுங்கள். மாதாந்த அப்டேட் முந்திய மாதங்களினதையும் சேர்த்தே கொண்டுவரும். விட்டுப்போனதை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை.

பொறுக்கக் கூடாத இடமும் உண்டு. தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் பாதுகாப்பு ஓட்டை என்று மைக்ரோசொப்டே குறிப்பிட்டிருந்தால், அல்லது வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் மூலம் நுழைய வழிவிட்ட கணினி என்றால், சம்பள வாரம் என்றாலும் அன்றே ஏற்றுங்கள். பிரவுசர் அப்டேட்டுக்கு ஒருநாளும் தவணை சொல்லாதீர்கள். 2017 மே 12இல் உலகை உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்ட வன்னாகிரை வைரஸ் புகுந்த ஓட்டைக்கு மருந்து மார்ச் 14ஆம் திகதியே வந்திருந்தது. 59 நாள் இருந்தும் போடாதவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள்.

நம் மலையில் நேரமும் பார்க்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழக்கம். நிறுவல் நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாத நாளில் கணினி திறக்காது, கோப்பும் கையில் இருக்காது. காலையில் தொடங்குங்கள். மடிக்கணினியைச் செருகி, பெட்டரி பாதிக்கு மேல் ஏறிய பிறகு செய்யுங்கள். சம்பளக் கோப்புகளை முதலில் பென் டிரைவில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். சீ டிரைவில் 10 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மூடியை மடித்து வைத்தால் வேலை முடிந்ததாகாது, 'அப்டேட் அன்ட் ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும்.

டேட்டா செலவுதான் தடையென்றால் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்ற இடத்தில் உள்ளூர் வலையமைப்பிலுள்ள கணினிகளை மட்டும் அனுமதியுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து பெரும்பகுதி எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத கணினிக்கு எப்போது ஏற்றுவது என்ற கேள்வியே இல்லை, ஏற்ற எதுவும் வராது. அதில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை முழுதும் பூட்டிக் கிடந்த கணினி அறையில், தவணையின் முதல் நாள் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இறக்கத் தொடங்கி பிள்ளைகளின் பாடவேளையை விழுங்கிவிடும். தவணை தொடங்குவதற்கு முந்திய நாளே ஒருவர் போய்த் திறந்துவிட்டால் போதும்.

இங்ஙனம்,
கணினிப் பராமரிப்பாளர்,
அட்டன்.