தேயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை

அன்புள்ள ராஜு மச்சானுக்கு,

கடிதமும் மகளின் கல்யாணப் பத்திரிகையும் கிடைத்தன. ரொம்ப சந்தோசம். கோத்தகிரிக்கு வந்து பந்தியில் உட்கார எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வருசம் முடியாது போலிருக்கிறது. காரணம், இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காற்று அடித்ததாமே என்று நீ விசாரித்திருந்தாயே, அந்தக் காற்றுதான்.

அது புயல் இல்லை மச்சான். புயல் என்றால் முன்கூட்டியே ரேடியோவில் சொல்லிவிடுவார்கள். 2025 நவம்பரில் டிட்வா வந்தபோது, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் ஓடலாம் என்று துணிமணியை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு மலையையே பார்த்தபடி இருந்தோம். இது சித்திரை இடிமழையோடு வந்த சுழல்காற்று. காலையில் சுள்ளென்று வெயில், பின்னேரம் மேற்கே கறுத்தது. இந்த மாதத்தில் தினமும் நடப்பதுதானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. வானிலை அறிக்கையில் மத்திய, ஊவா மாகாணங்களில் இடியோடு பலத்த காற்றும் வீசலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லயம் என்று யாரால் சொல்ல முடியும்?

ஐந்து நிமிசம்கூட இருக்காது. மேல் லயத்தின் தகரம் முழுக்கப் போய்விட்டது, பக்கத்திலேயே இருக்கும் கோவில் பந்தலில் ஒரு தோரணம்கூட அறுந்து விழவில்லை. மகன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான் அல்லவா, அவன் மறுநாள் டர்பன்டைன் தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மேகத்திலிருந்து குளிர்காற்று அப்படியே கீழே கொட்டியிருந்தால் மரங்கள் ஒரே வாக்கில் சாய்ந்திருக்குமாம். இங்கே ஒன்று ஆற்றைப் பார்த்து விழுந்து கிடக்கிறது, அடுத்தது பெக்டரியைப் பார்த்து. ஒரு மரம் நடுவிலேயே முறுக்கி நார் நாராகக் கிழிந்து நிற்கிறது. சுழன்றுதான் வந்திருக்கிறது என்கிறான்.

உயிர்ச்சேதம் இல்லை, அதுவே பெரிய காரியம். எல்லாரும் கொழுந்து மலையில் நின்ற நேரம். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்குக் கொங்கிரீட் கூரை, குழந்தைகள் தப்பின. தெய்வானை அக்காவுக்கு மட்டும் தகரம் கிழித்து நெற்றியில் தையல் போட்டார்கள். இப்போது வலியைவிட, கல்யாணச் சேலை பள்ளத்தில் போனதைத்தான் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லயத்தின் கூரை உனக்குத் தெரியும். எத்தனை காம்பரா வீடு இருந்தாலும் மேலே ஒரே கூரை. காற்று முன் இஸ்தோப்புத் திண்ணைக்குள் புகுந்து அடியிலிருந்து தூக்கினால், ஒரு முனை கிளம்பியதுமே வரிசை முழுக்கத் திறந்துகொள்கிறது. வெள்ளைக்காரன் காலத்து மரத்தில் துருப்பிடித்த ஆணி, அது எதைப் பிடித்து நிறுத்தும்? மேலே வைத்திருந்த கல்லும் டயரும் தகரத்தோடே பறந்தன. ஒரு தகரம் கரண்ட் கம்பத்தில் வெற்றிலைச் சுருள் மாதிரி சுற்றிக் கிடந்தது.

தேயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பளவுச் செடி, ஆழமான வேர், காற்று அதை என்ன செய்யும்? மரம் விழுந்து நசுங்கிய சில செடிகளைத் தவிர எல்லாம் அப்படியே நிற்கிறது. மறுநாள் காலையிலேயே வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். மேலே வானம் தெரியும் காம்பராவிலிருந்து எழுந்து கூடையை மாட்டிக்கொண்டு போனோம். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தபால்காரருக்கே சுடும்.

அடி வாங்கியது மரக்கறிதான். லயத்துக்குப் பின்னால் அப்பா கொத்திய அந்த இடத்தில் இந்த முறை லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தேன். கிழங்கு மண்ணுக்குள் இருந்ததால் தப்பியது. தண்டு ஒடிந்துவிட்டதால் இனிப் பருக்காது, கோலிக்குண்டு அளவிலேயே தோண்ட வேண்டியதுதான். லீக்ஸ் எல்லாம் தலை திருகி, பாத்தி மண் இளகி, வெள்ளை வேர் வெளியே தெரியப் படுத்துக் கிடந்தது. இருட்டுவதற்குள் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டி நுவரெலியாவுக்கு ஏற்றினேன். இலை கிழிந்த சரக்கு என்று வியாபாரி சொன்ன விலை லொறிக்கூலிக்குத்தான் சரி. கீழே ரோட்டோரத்தில் கடன் வாங்கிப் பொலித்தீன் கூடாரம் போட்டுக் குடைமிளகாய் வைத்திருந்த பையனுக்குக் கம்பி மட்டும்தான் மிச்சம்.

கிராம சேவகர் வந்து எழுதிக்கொண்டு போனார், நல்ல மனுசன். தறப்பாளும் உலர் உணவும் கிடைத்தன. பயிருக்கு நட்டஈடு கேட்டால் காணிப் பத்திரம் வேண்டுமாம். அரசாங்கத்தின் காணி, கம்பனியின் குத்தகை, பயிர் மட்டும் என்னுடையது. இதற்கு எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது? கூரையைக் கம்பனியிடம் கேட்டால் அரசாங்கத்தைக் கேள் என்கிறார்கள், அங்கே போனால் கம்பனியின் கட்டடம் என்கிறார்கள். பத்து நிமிச நடையில் கிராமத்தில் காணி உறுதிப் பத்திரம் வைத்திருக்கும் நம்ம சிரிசேனவின் விண்ணப்பத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். அவரும் பாவம், கோவா, அதுதான் முட்டைக்கோஸ், முழுக்கப் போயிற்று, அவருக்குக் கிடைக்கட்டும். காற்று ரெண்டு பேர் பாத்தியிலும் ஒரே மாதிரிதான் புகுந்தது என்பதைத்தான் பிரதேச செயலகத்தில் சொல்லப் போகிறேன். திங்கட்கிழமை தோட்டத் தலைவரோடு போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

அப்புறம் ஒரு உதவி. உங்கள் டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டக் குவார்ட்டர்ஸில் தகரத்தை ஆணிக்குப் பதில் வளைந்த போல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்கியிருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அதை ஒரு போட்டோ எடுத்து மகனின் போனுக்கு அனுப்பு. எங்கள் காம்பராவையாவது நாங்களே அப்படிப் போட்டுக்கொள்கிறோம்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் நம்ம பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களா, அந்த ஊர்க்காரர்களா? பத்திரிகையில் பெயரைப் பார்த்தால் இங்கே நம்ம பதுளைக்காரர்கள் மாதிரி இருக்கிறது. எழுது.

அன்புடன்,
செல்வம்