ஓ.பி. சீட்டில் நடையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதியவர்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். விழுந்த பிறகு செய்ய வேண்டியதெல்லாம் விரிவாக இருந்தது. விழுவதற்கு முன்பே ஆஸ்பத்திரிச் சீட்டில் விட்டுப்போகும் ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, அதிலுள்ள நோய்க்கும் அறிகுறிக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலை அமெரிக்கா தனக்கேற்ப விரிவாக்கி 2015 அக்டோபர் முதல் பயன்படுத்துகிறது. அதில் தலைசுற்றலுக்கு ஆர்42. நடைக் கோளாறுகள் ஆர்26-இல் வரும். நிலைகொள்ளாமல் தள்ளாடினால் ஆர்26.81, நடக்கச் சிரமம் என்றால் ஆர்26.2. அடிக்கடி விழுகிறவருக்குத் தனியாக ஆர்29.6. டாக்டர் எழுதாததை நாங்களாக ஊகித்துப் போடக்கூடாது. எழுதாதது நடக்காததற்குச் சமம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். முகம் தெரியாத ஒரு அமெரிக்கப் பாட்டி பாத்ரூமுக்குப் போகும்போது எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதுகூட எனக்குத் தெரியும், டாக்டர் எழுதியிருப்பதால்.

என் அம்மாவுக்கு 64 வயது. மூன்று வருஷமாக அவரைக் காட்டிய இடங்களில் கொடுத்த சீட்டுகளை ஒருநாள் ராத்திரி எடுத்து அடுக்கிப் பார்த்தேன். ஏழு சீட்டு. ஐந்தில் 'கிடினெஸ்' (தலைசுற்றல்), இரண்டில் முட்டிவலி. அம்மா எப்படி நடக்கிறார் என்று ஒன்றில்கூட இல்லை. அன்று அழுதேவிட்டேன்.

வீட்டில் அம்மா சொன்னது, "கால் தரையில பாவ மாட்டேங்குது, ஒரு பக்கமா தள்ளுது" என்று. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது "மயக்கமா இருக்குங்க" என்று சுருங்கிவிடும். நம் பக்கத்தில் கண் இருட்டுவதும் மயக்கம், தலை சுற்றுவதும் மயக்கம், சோர்வும் மயக்கம், கால் தடுமாறுவதும் மயக்கம்தான். அந்த ஒரு சொல்லை டாக்டர் 'கிடினெஸ்' என்று எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஆனால் இவை ஒன்றல்லவே. படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே சுற்றினால் உள்காதில் துகள் இடம் மாறியிருக்கலாம். தலையைச் சில கோணங்களில் திருப்பிவிடும் சிகிச்சையிலேயே பலருக்கு அது சரியாகிவிடும். எழுந்ததும் கண் இருட்டினால் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை பிரஷர் பார்க்க வேண்டும். அடியைச் சின்னதாக இழுத்து இழுத்து வைத்தால் பார்க்கின்சன் என்ற நரம்பு நோயா என்று யோசிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை, நடந்தால் மட்டும் தள்ளுகிறது என்றால் காலையும் முதுகுத்தண்டையும் பார்க்காமல் விடக்கூடாது.

எட்டாவது முறை ஒரு இளம் டாக்டர் அம்மாவை வாசலிலிருந்து மேஜைவரை நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். பாதங்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பிறகு எழுதினார்: கால்கள் விறைப்பு, திரும்பும்போது தடுமாற்றம், கண்ணை மூடினால் சாய்கிறார், கழுத்து திரும்பவில்லை, பல வருஷமாகப் போர்வெல் தண்ணீர். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் முன்கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. தண்ணீரிலுள்ள ஃபுளூரைடு உப்பு எலும்பில் படிவதால் வரும் எலும்பு நோய் அது. ஸ்கேனில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நெருக்கப்பட்டிருப்பதும் தெரிந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் முப்பது நாற்பது வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது படிந்ததுதான். அவர்களுக்கு இப்போதுதான் வயதாகிறது. இந்த நோய்க்கு ஐசிடி-10-இல் எம்85.1 என்று தனிக் குறியீடே இருக்கிறது. சீட்டில் 'கிடினெஸ்' என்று எழுதினால் அந்த ஆள் ஆர்42 கணக்கில்தான் சேர்வார். அப்புறம் எத்தனை பேருக்கு இந்த நோய் என்று மாவட்டத்துக்கு எப்படித் தெரியும்?

ஓ.பி.யில் ஒரு டாக்டர் முன்னால் எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் பரிசோதனை ஒன்று உண்டு. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு நர்ஸே செய்துவிடலாம், காசே செலவில்லை. அந்த விநாடிக் கணக்கோடு நடையைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டுகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது. வாசற்படி எவ்வளவு உயரம், ராத்திரி எந்த வழியாகக் கழிப்பறைக்குப் போகிறார் என்பதெல்லாம் அவர்கள் கண்ணில்தானே படும்.

அம்மாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வாக்கர் பிடித்துத் திண்ணைவரை போகிறார். இழந்த பலம் முழுதாகத் திரும்பாது, இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் பெரியவர்கள் தள்ளாடுகிறார்கள் என்றால், வாசகர்கள் அவர்கள் நடப்பதையும் திரும்புவதையும் செல்போனில் அரை நிமிஷம் வீடியோ எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். பார்த்ததைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.