பரிசு வேண்டாம் என்றால் தெளிவாகவே சொல்லுங்கள்

திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டு அழைப்பிதழ் அடிக்கத் தயாராகும் மணமக்களுக்கும் இரு வீட்டாருக்கும் வணக்கம்.

பரிசு எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று நீங்கள் முடிவெடுத்திருந்தால், முதலில் என் நன்றி. நேரில் வந்து வாழ்த்த ஆசை இருந்தும், கையில் காசில்லாத ஒரே காரணத்தால் ஏதோ சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களும் தயங்காமல் வர வேண்டும். அதனால்தான் அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

‘உங்கள் வருகையே எங்களுக்குப் பரிசு’ அழகான வரிதான். ஆனால் படிப்பவர் அதை மரியாதைக்குப் போட்டதாக எடுத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றை வாங்கிக்கொண்டே வருவார். ‘பரிசுகளைத் தவிர்க்கவும்’ என்றால் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. ‘பரிசுப் பொருள் வேண்டாம்’ என்று மட்டும் போட்டாலோ, பணமாகக் கேட்கிறார்களோ என்ற சந்தேகம் வரும். ‘பொருளாகவோ பணமாகவோ எதுவும் கொண்டுவர வேண்டாம். நீங்கள் வந்து எங்களோடு இருந்தால் மனம் நிறையும்’ என்று எழுதுங்கள். காரணமெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

அழைப்பிதழில் பரிசு என்ற பேச்சே வரக்கூடாது, வேண்டாம் என்று சொல்வதும் நினைவூட்டுவதுதான் என்று சிலர் கருதுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், அல்லது அழைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்மொழியாக மட்டும் விட்டால், தபாலில் அழைப்பு பெறுகிற தூரத்து நண்பருக்குச் செய்தி போய்ச் சேராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டார் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ‘பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள், நீங்கள் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்’ என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அச்சடித்த வரிக்கு மதிப்பில்லாமல் போய்விடும். வாசலில் உறை போட ஒரு பெட்டி வைத்தாலும் அதே கதைதான்.

சொல்லியும் சிலர் கொண்டுவருவார்கள். ‘எதுக்கு இதெல்லாம்?’ என்று நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆசையாக வாங்கி வந்தவர் முகம் வாடிவிடும். நன்றி சொல்லி வாங்கி, உடனே உள்ளே அனுப்பிவிடுங்கள். வண்ணத்தாள் சுற்றிய பெட்டியோடு புகைப்படம் எடுத்து முடித்த கையோடு அடுத்தவரைக் கூப்பிட்டால், வரிசையில் நிற்கும் அவர் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார். நீங்கள் சொன்னதை நம்பி வந்தவர் அவர்தான். அவர் கையைப் பிடித்து அருகில் இழுத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் விருந்தினர்களில் ஒருவர்